விமான அருங்காட்சியகங்களில் விழா நாட்கள்: சேலத்துக்காரர்கள் பகிர்ந்துகொண்டவை

ஓமலூரிலிருந்து ஒருவர்:

அக்டோபர் 8 நெருங்குகிறது. 1932-இல் இந்திய விமானப்படை தொடங்கப்பட்ட நாள். சில வருடங்களுக்கு முன் அதே நாளில் பெங்களூரில், விமானம் தயாரிக்கும் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருந்தேன். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. மேடை, மாலை எதையும் காணோம். வெட்டவெளியில் நின்ற மாருத் போர்விமானத்தைச் சுற்றி ஏழெட்டு முதியவர்கள் மட்டும் நின்றிருந்தார்கள். ஒருவர், மேச்சேரிச் சந்தையில் ஆட்டைப் பிடித்துப் பார்ப்பவர்போல, இறக்கையின் அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாருத், ஜெர்மானிய விமானப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரிலேயே வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம். உடலுக்கேற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்காததால், எண்ணிய வேகத்தை அது எட்டவேயில்லை. அந்த எஞ்சினுக்காகத்தான் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. எத்தனையோ சுதந்திர தின உரைகளைக் கேட்டிருக்கிறேன். இந்தச் சண்டை அளவுக்கு எதுவும் என்னை நிறுத்திவைத்ததில்லை. உங்களில் யாருக்காவது இப்படி வாய்த்ததுண்டா?

ஆத்தூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஏர்மேன் (விமானப்படைத் தரைப்பணியாளர்):

தம்பி, அந்தச் சண்டை எல்லா ஊரிலும் நடக்கிறது. நான் தரையில் பணிசெய்தது மிக்-21 போர்விமானத்துக்கு. தொண்ணூறுகளில் தேஜ்பூரில், இளம் விமானிகள் பயிற்சி பெற்ற பிரிவில் வேலை. அந்த விமானம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையைத் தொடும். பிரேக் மட்டும் போதாது. வாலிலிருந்து ஒரு பாராசூட் விரிந்து பின்னால் இழுக்கும். விமானி அதை ஓடுபாதையில் கழற்றிவிட்டுப் போய்விடுவார். ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வருவதும், ஈரமிருந்தால் காயவைப்பதும், நீளமான மேசையில் கயிறு சிக்காமல் மடித்து அடைப்பதும் தரையில் இருப்பவர்கள் வேலை. அசாம் மழைக்காலத்தில் அதைக் காயவைத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்!

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். 1963-இல் படையில் சேர்ந்தவை. தொலைக்காட்சியில் பார்த்தேன். பேத்தி, "தாத்தா, நீங்கள் இதை ஓட்டினீர்களா?" என்று கேட்டாள். "நிறுத்தினேன்" என்றேன். நினைவுநாள் மேடைகளில் விமானிகளின் பெயரைச் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் எந்தத் தகவல் பலகையைப் படித்தாலும் வேகம், உயரம், ஆயுதம் என்றுதான் இருக்கிறது. பாராசூட்டை யார் மடித்தார்கள் என்று ஒரு வரி எழுதினால் பலகை உடைந்தா போய்விடும்?

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை:

ஐயா சொன்னதைப் படித்ததும் விசாகப்பட்டினம் நினைவுக்கு வந்தது. அங்கே கடற்கரைச் சாலையில், குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்கு எதிரே டி.யு.-142 என்ற கடற்படை ரோந்து விமானத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உறவினர் வீட்டுக்குப் போன சமயம் டிசம்பர் 4, கடற்படை நாள். 1971-இல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவாகக் கொண்டாடுவது. கடற்கரையில் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் சாகசம் காட்ட, ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் கூட்டத்துக்கு முன்பே விமானத்துக்குள் ஏறிவிட்டோம். வெளியே நான்கு எஞ்சின்களுக்கு எட்டு விசிறிகள். உள்ளே நிமிர்ந்து நடக்கக்கூட இடமில்லை. இந்த விமானங்கள் பறந்துகொண்டிருந்தது நம் அரக்கோணத்திலிருந்து. 2017 மார்ச்சில் ஓய்வு கொடுத்து, அதே ஆண்டு டிசம்பரில் இங்கே திறந்துவைத்தார்கள். அதைக் கேட்டதும் என் மகன், "அப்படியானால் நம் ஊர் விமானத்தை ஏன் இவர்களிடம் கொடுத்தோம்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டான். பக்கத்திலிருந்த ஆந்திரக்காரர்கள் நல்லவேளையாகச் சிரித்தார்கள்.

அம்மாபேட்டையிலிருந்து இன்னொருவர்:

எனக்குக் கூட்டமே ஆகாது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினா வான்சாகசத்துக்கு இரவு ரயில் பிடித்துப் போனேன். பழைய டகோட்டா போக்குவரத்து விமானம் பறந்ததைப் பார்த்தது மனதில் நிற்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை இறக்கியது அந்த வகை விமானம்தான். ஆனால் அன்றைய வெயிலில் உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்தியை ஊர் திரும்பும் வழியில் படித்தபின், அந்த நாளைக் கொண்டாட்டமாக நினைக்கவே முடியவில்லை. ஓமலூர் நண்பர் சொன்னதுபோல ஏழெட்டுப் பேர் கூடும் இடம் இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன்.

ஏற்காட்டு ஆசிரியை மீண்டும்:

ஆத்தூர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். அக்டோபரில் எங்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் பேசுவீர்களா? இருபது கொண்டை ஊசி வளைவுகளும் உங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்றுதான் தயக்கம்.

ஆத்தூரிலிருந்து:

வளைவு எனக்குப் பொருட்டில்லை, டீச்சரம்மா. பேச்செல்லாம் வராது. செய்துகாட்டுகிறேன். பெரிய போர்வை ஒன்று, பத்துப் பதினைந்து முழம் பருத்திக் கயிறு, சத்துணவுக் கூடத்து மேசை இரண்டைச் சேர்த்துப் போட்டுவையுங்கள். நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும். பிள்ளைகளை நகம் வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எங்கள் சார்ஜென்ட் முதலில் பார்ப்பது அதைத்தான்.