ஒலான்சபைன் தொடங்கியதிலிருந்து அடங்காத பசி

கேள்வி:
ஒலான்சபைன் என்ற மனநோய் மாத்திரையை எடுக்கத் தொடங்கிய பிறகு காதில் குரல்கள் கேட்பதில்லை, நன்றாக உறங்குகிறேன். இந்த நிம்மதியை இழக்க மாட்டேன். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதுமே மறுபடியும் பசிக்கிறது. உடைகளெல்லாம் இறுகிவிட்டன. எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில் 1:
நிச்சயமாக அப்படியில்லை. இந்த மருந்து மூளையில் பசியை அடக்க உதவும் ஹிஸ்டமின் எச்1 ஏற்பிகளை (ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் செய்தியைப் பெறும் இடங்களை) தடுக்கிறது. பசி பெருகுவதற்கு அது முக்கியக் காரணம். நானும் இதே மாத்திரையில்தான் இருக்கிறேன். இனிப்புப் பானங்களை விட்டதும், ஒவ்வொரு வேளையும் புரதமும் நார்ச்சத்தும் கூட்டியதும் எனக்குப் பெரிதும் உதவின. கொறிக்கும் பண்டங்களை வீட்டில் வைப்பதே இல்லை.

பதில் 2:
நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எடையோடு ரத்தச் சர்க்கரை, கொழுப்பு அளவுகளையும் பரிசோதியுங்கள். எடை கூடுவதைக் குறைக்க மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மருந்து) சேர்க்கலாமா, எடையை அவ்வளவாகக் கூட்டாத இன்னொரு மனநோய் மருந்தான அரிப்பிப்ரசோலுக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மெட்ஃபார்மின் பற்றி அடுத்த சந்திப்பிலேயே கேட்கிறேன்.