பெரியப்பாவோட 50 லட்சம்: ஃபிளாட்டா, போஸ்ட் ஆபீஸா?

குழு: நம்ம குடும்பம்
2025 அக்டோபர் 12, ஞாயிறு

வேளச்சேரி அண்ணன், 10:04
அத்தை, பெரியப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் பணம் 50 லட்சம் வருது. வயசு 60. மாசம் 30,000 கைக்கு வரணும்ங்கிறார். மேடவாக்கத்துல பழைய ஃபிளாட் 50 லட்சம் சொல்றாங்க, வாடகை 15,000. வாங்கிடலாமா?

மாம்பலம் அத்தை, 10:11
அவசரப்படாதேப்பா, கணக்கைப் பாரு. மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரச் செலவே 4.5 லட்சம். அந்தப் பணம் இந்த 50-ல இல்ல.

மாம்பலம் அத்தை, 10:13
வருஷத்துல ஒரு மாசம் காலியா கிடக்கும்னு வெச்சா வாடகை 1,65,000. சொத்து வரி, காலி மாச மெயின்டனன்ஸ், பெயின்ட், பிளம்பர்னு 25,000 ஒதுக்கு. மிச்சம் 1,40,000. மாசத்துக்கு 11,700 கூட வராது. 54.5 லட்சத்துக்கு இது சுமார் 2.6 சதவீதம்.

வேளச்சேரி அண்ணன், 10:15
விலை ஏறுமே அத்தை?

அம்பத்தூர் சித்தப்பா, 10:19
ஏறுறது யூடிஎஸ் மனைக்குத்தான் (நிலத்துல நம்ம ஃபிளாட்டுக்கு உள்ள பிரிபடாத பங்கு), கட்டடம் வருஷா வருஷம் தேயும். பழைய ஃபிளாட்னா பத்திரத்துல யூடிஎஸ் எத்தனை சதுர அடின்னு முதல்ல பாரு. ஆனா ஏறுற விலை மளிகைக் கடைக்கு உதவாது. அவருக்கு வேணும்கிறது மாச வரவு.

மாம்பலம் அத்தை, 10:24
போஸ்ட் ஆபீஸ் எஸ்சிஎஸ்எஸ்ல (மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்) ஒருத்தர் 30 லட்சம் வரைக்கும் போடலாம். இந்தக் காலாண்டுல 8.2 சதவீதம். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் வேலை நாள்ல 61,500 வரும், மாசக் கணக்குல 20,500. எம்ஐஎஸ்ல (போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டம்) 9 லட்சம், 7.4 சதவீதம், மாசம் 5,550. ரெண்டும் சேர்ந்து 26,050.

மாம்பலம் அத்தை, 10:26
முக்கியமான விஷயம்: 30 லட்சத்தையும் ஒரே கணக்குல போடாதீங்க. 6 லட்சமா 5 கணக்கு தொறங்க. ஒரு கணக்குலேர்ந்து பாதிப் பணம் எடுக்க முடியாது, முழுசாத்தான் மூடணும். 1 வருஷத்துக்குள்ள மூடினா வட்டியே இல்ல, குடுத்ததையும் அசல்ல கழிச்சுப்பாங்க. 2 வருஷத்துக்குள்ளன்னா அசல்ல 1.5 சதவீதம், அப்புறம் 1 சதவீதம் பிடிப்பு. ரெண்டாவது வருஷத்துல ஆஸ்பத்திரிச் செலவு வந்தா ஒரு கணக்கை மட்டும் உடைச்சா 9,000 தான் போகும், 45,000 போகாது.

பெரம்பூர் அக்கா, 10:31
வட்டியை எடுக்காம விட்டா அதுக்கு வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்கோட இணைச்சுடுங்க, தானா வந்து விழும்.

வேளச்சேரி அண்ணன், 10:33
வட்டியில டிடிஎஸ் (முன்கூட்டியே வரி) பிடிப்பாங்களா அக்கா?

பெரம்பூர் அக்கா, 10:36
சீனியர் சிட்டிசனுக்கு வருஷ வட்டி 1 லட்சம் தாண்டினா 10 சதவீதம். அவருக்கு எஸ்சிஎஸ்எஸ் வட்டியே வருஷத்துக்கு 2,46,000, அதுல 24,600 போயிடும். புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வருமானத்துக்கு வரி இல்லாததால, 15எச் படிவம் (எனக்கு வரி வராதுங்கிற உறுதிமொழி) குடுத்தா பிடிக்க மாட்டாங்க. வருஷா வருஷம் ஏப்ரல்லயே குடுக்கணும். மறந்தா ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கணும்.

அம்பத்தூர் சித்தப்பா, 10:45
அத்தை சொன்னதுல ஒரு குறை இருக்கு. எஸ்சிஎஸ்எஸ்ல 5 வருஷமும் அதே 61,500 தான். வாடகை, பால், மருந்து எல்லாம் ஏறும், இது ஏறாது. அதனால மிச்சம் 11 லட்சத்துல 2 லட்சம் எஃப்டி, அதோட அசலைத் தொடவே கூடாது. 9 லட்சம் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுற மியூச்சுவல் ஃபண்டு). ஒரே நாள்ல போடாம மாசம் 75,000 வீதம் 12 மாசம்.

வேளச்சேரி அண்ணன், 10:47
மாசாமாசம் டிவிடெண்ட் தர்ற ஃபண்டு எடுக்கலாமா சித்தப்பா?

அம்பத்தூர் சித்தப்பா, 10:53
வேண்டாம்ப்பா. அந்தப் பேரையே 2021 ஏப்ரல்லேர்ந்து ஐடிசிடபிள்யூன்னு (வருமானப் பங்கீடும் மூலதனம் எடுக்கிறதும்) பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி மாத்திட்டாங்க. காரணம், வர்றது லாபம் மட்டுமில்ல, நம்ம அசலும் அதுல சேர்ந்து வரலாம். குரோத் (லாபத்தைப் பிரிச்சுக் குடுக்காம ஃபண்டுலயே வளர விடுறது) எடுத்து எஸ்டபிள்யூபி (மாசாமாசம் கொஞ்சம் யூனிட்டை வித்துப் பணம் எடுக்கிறது) போடுங்க: வருஷத்துக்கு 4 சதவீதம், மாசம் 3,000. என்ஏவி (ஒரு யூனிட்டோட விலை) 50-ல 60 யூனிட் விக்கும், 40-க்கு இறங்கினா 75 யூனிட். இறங்கின நேரத்துல நிறைய யூனிட் கரைஞ்சா, சந்தை திரும்ப ஏறினாலும் நம்ம கையில யூனிட் இருக்காது. அதனால 2 வருஷத்துக்கான 72,000-ஐ இந்த 9 லட்சத்துலேர்ந்தே லிக்விட் ஃபண்டுக்கு (ஏற்ற இறக்கம் குறைவான, சீக்கிரம் பணமாக்கக்கூடிய ஃபண்டு) மாத்தி வெச்சுக்கோங்க. சந்தை சரிஞ்சா அதுலேர்ந்து எடுக்கணும்.

வேளச்சேரி அண்ணன், 10:56
அப்ப மொத்தம் 29,050. பெரியப்பா கேட்டதுக்கு 950 குறையுதே. பக்கத்து வீட்டுக்காரர் நூத்துக்கு 3 வட்டி தர்ற இடம் தெரியும்னார், ஒரு லட்சம் அங்க போடலாமான்னு கேட்டார்.

மாம்பலம் அத்தை, 10:57
கூடாது. மாசம் 3ன்னா வருஷம் 36 சதவீதம். நேர்மையா எந்தத் தொழில் நடத்தி அதைக் குடுப்பாங்க? டெபாசிட் வாங்க அனுமதி இருக்கான்னு ரிசர்வ் வங்கியோட சசேத் இணையதளத்துல பாருங்க. எஃப்டி வட்டியே அந்த 950-ஐ ஈடு கட்டிடும்.

பெரம்பூர் அக்கா, 11:02
போஸ்ட் ஆபீஸுக்கு ஆதார், பான், போட்டோ, செக் புக் எடுத்துட்டுப் போகச் சொல்லு. 1 லட்சத்துக்கு மேல ரொக்கம் வாங்க மாட்டாங்க. 5 கணக்குக்கும் தனித்தனி படிவம், ஒவ்வொண்ணுலயும் பெரியம்மா பேரை நாமினியா, ஆதார்ல இருக்கிற மாதிரியே எழுதணும்.

மாம்பலம் அத்தை, 11:04
எஸ்சிஎஸ்எஸ் 5 வருஷம் முடிஞ்சா தானா நீளாது. 3 வருஷம் நீட்டிக்க 1 வருஷத்துக்குள்ள படிவம் குடுக்கணும். பாஸ்புக் முதல் பக்கத்துலயே 2030னு எழுதி வைக்கச் சொல்லு.