சேர்வராயன் மலையில் பெய்யும் மழை எந்தெந்த ஆற்றுக்குப் போகிறது?

ஓமலூரான்:
எங்கள் ஊர் வழியாகச் செல்லும் சரபங்கா நதியும், சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும் சேர்வராயன் மலையில் பிறந்து காவிரியில் கலக்கின்றன. அப்படியானால் அம்மலையின் மழைநீர் முழுவதும் காவிரிக்கே சேர்கிறது என்று கொள்ளலாமா? பள்ளியில் புவியியல் நடத்தும் என் தங்கைக்காகக் கேட்கிறேன். விவரமறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

மலையடிவாரம்:
அப்படிக் கொள்ள இயலாது ஐயா. நீர் எந்தச் சரிவில் விழுகிறதோ அதைப் பொறுத்தே அதன் வழி அமைகிறது. மேற்குச் சரிவின் ஓடைகள் சரபங்காவாகி ஓமலூர், எடப்பாடி கடந்து காவிரியை அடைகின்றன. மஞ்சவாடிப் பக்கத்து நீர் திருமணிமுத்தாறாகிச் சேலத்தைத் தாண்டி, நாமக்கல் மாவட்டத்து நஞ்சை இடையாறு அருகே அதே காவிரியில் கலக்கிறது. வடக்கே இறங்கும் தொப்பையாறும் காவிரிக் கணக்கில்தான் வரும். ஆனால் வடகிழக்கே இறங்கும் வாணியாறு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அணையில் தேங்கி, பின்னர் தென்பெண்ணையோடு சேர்ந்து கடலூர் அருகே கடலுக்குப் போகிறது. ஆகவே, ஏற்காட்டு மேட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வேலிக்கு இப்பால் விழுந்த துளி காவிரிக்கும், அப்பால் விழுந்த துளி தென்பெண்ணைக்கும் போகக்கூடும். பாடப்புத்தக வரைபடத்தில் இந்த நுணுக்கம் தெரியாது. சமஉயரக் கோடுகள் உள்ள நில அளவை வரைபடத்தைத் தங்கையார் வகுப்பில் காட்டுவது நல்லது.

ஆத்தூர் வாசகர்:
எங்கள் வசிட்ட நதியை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கிழக்கேயுள்ள மலைகளில் தோன்றி, சுவேத நதியோடு கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

ஓமலூரான்:
இருவருக்கும் நன்றி. இத்தனை ஓடைகள் இறங்கியும் சரபங்காவில் ஆண்டின் பெரும்பகுதி மணலையும் சீமைக்கருவேலத்தையும் தவிர வேறொன்றையும் காணோமே, ஏன்?

மலையடிவாரம்:
மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடும்பாறை, சரிவோ செங்குத்து. பெய்த மழை ஊறி நிற்க இடமின்றி வேகமாக இறங்கிவிடுவதால், மழை நின்ற சில வாரங்களிலேயே ஆறு வறண்டுவிடுகிறது. திருமணிமுத்தாற்றில் கோடையிலும் நீர் தெரிகிறதே என்பார்கள். நகருக்குள் அது பெரிதும் சாக்கடை நீர். சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு மேட்டூர் அணையின் உபரிநீரை மோட்டார் வைத்து ஏற்றும் திட்டத்தின் முதற்கட்டம் 2021இல் தொடங்கப்பட்டது. மலையிலிருந்து தானாக இறங்க வேண்டிய நீருக்கு இப்போது மின்சாரம் செலவழிக்கிறோம். உபரி உள்ள ஆண்டில் மட்டுமே அது பயன்தரும் என்பதால், மலையடிவார ஏரிகளின் வரத்து வாய்க்கால்களைத் தூர்வாரும் வேலையை அதற்காக ஒத்திப்போடக் கூடாது என்பது என் கருத்து.