ஏரி சேத்துல இறங்கி நடக்க காட்பாடி பக்கம் நல்ல இடம் எது?

சேறுபிரியன்: மழை விட்டு ஏரி உள்வாய்ல தண்ணி வத்துனதும் கொழகொழன்னு சேறு நிக்கும் பாருங்க, அதுல முழங்கால் வரைக்கும் இறங்கி சும்மா நடக்கறது எனக்கு அவ்ளோ புடிக்கும், வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்த பாரம் ஒரு மணி நேரத்துல எறங்கிடும். கழிஞ்சூர் ஏரி, காவேரிப்பாக்கம் ஏரி ரெண்டையும் யோசிச்சு வச்சிருக்கேன். வேற இடம் இருந்தா சொல்லுங்க.

கயனிக்காரன்: ஏரி வேணாம் தம்பி. எங்கூர் ஏரில ஜேசிபி வச்சு வண்டல் எடுத்த பள்ளம் ஆள் ஒசரம் கீது, மழை பேஞ்சா சேறும் தண்ணியும் ரொம்பி எல்லாம் ஒரே மட்டமா தெரியும், கரைமேல நின்னு பாத்தா எங்களுக்கே எது பள்ளம் எது தரைன்னு தெரியாது. போன வருஷம் எங்க எருமை மாட்டிக்கிச்சு, கயிறு கட்டி எட்டு பேரு இழுத்தோம்.

சேறுபிரியன்: கையில கழி வச்சு குத்தி பாத்துத்தாண்ணே கால் வைப்பேன். புதைமணல் ஆளையே முழுங்கும்ங்கறது சினிமால காட்டறது. 2005ல நேச்சர் பத்திரிகையில வந்த ஆராய்ச்சில, மனுஷ ஒடம்பு அதைவிட லேசு, பாதிக்கு மேல முழுகாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க.

கயனிக்காரன்: அதே ஆராய்ச்சில இன்னொண்ணும் கீதே, மாட்டுன காலை வெடுக்குனு உருவ ஒரு காரை தூக்கற பலம் வேணும்னு. சேறு இடுப்ப புடிச்சிக்கினு மேல தண்ணி நின்னா என்ன பண்ணுவீங்க? மாட்டுனா பின்னால சாஞ்சு, காலை மெல்ல ஆட்டி ஆட்டி, இடுக்குல தண்ணி எறங்க விட்டுத்தான் எடுக்கணும். தனியா மட்டும் போவவே போவாதீங்க.

ராணிப்பேட்டை அக்கா: பள்ளத்த விடுங்க, மண்ணுல என்ன கலந்திருக்குன்னு யோசிச்சீங்களா? தோல் பதனிடற ஷாப்பு கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ்ல 1996லயே சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபா அபராதம் போட்டுச்சு, குரோமியம் எறங்குன மண்ணு இன்னும் எங்க பக்கம் கெடக்கு. சாக்கடை கலக்கற ஏரின்னா எலிக்காய்ச்சல் வேற, கால்ல வேலிகாத்தான் முள்ளு கீறுன சின்ன காயம் போதும், எலி மூத்திரம் கலந்த தண்ணி வழியா கிருமி ஏறிடும். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஜுரம் வந்தா டாக்டர்கிட்ட சேத்துல நடந்தத மறைக்காம சொல்லணும்.

சேறுபிரியன்: இதெல்லாம் உண்மைதான்க்கா, ஆனா இப்படியே பயமுறுத்திதான் நம்ம புள்ளைங்க மண்ணுல காலே வைக்கறதில்ல. அதையும் யோசிங்க.

கயனிக்காரன்: அப்ப எங்க நெல்லு கயனிக்கு வாங்க. தண்ணி கட்டி சேறா உழுது சேடை ஓட்டுன கயனில அடியில தரை கெட்டியா நிக்கும், கெண்டைக்காலுக்கு மேல போவாது. பொங்கலுக்கு முன்ன நவரை நெல் பட்டத்துக்கு ஓட்டுவோம், நடவுக்கு மொத நாள் வந்தா எங்களுக்கும் நஷ்டமில்ல.

ராணிப்பேட்டை அக்கா: சோறு போடற மண்ணுல போய் விளையாட்டா? எங்க அப்பா வரப்புலயே செருப்ப கழட்டிட்டு தான் எறங்குவாரு. எனக்கு மனசு ஒப்பல.

சேறுபிரியன்: நானும் வெறுங்காலோடத்தான்க்கா எறங்குவேன். அண்ணே, சேத்த மட்டமாக்க பரம்பு அடிக்க நானும் கூட வரட்டா?

கயனிக்காரன்: வாங்க. காலைல 6 மணிக்கு டிராக்டர் வந்துரும், அரை டிராயர் போட்டுக்கினு வாங்க.