வெங்காயத் தூள் கல்லாகுது, பூண்டுத் தூள் கசக்குது, பூண்டு விழுது பச்சையாகுது: எங்கே தப்பு?

அடுப்படிப்புதுசு:
மூணு விஷயத்துக்கு விளக்கம் வேணும்.

தோல் உரிச்ச வெங்காயம் 1 கிலோ. வட்டமா நறுக்கி, ஓவன்ல 80 டிகிரி செல்சியஸ்ல 6 மணி நேரம் காயவச்சு, சூட்டோட மிக்ஸியில அடிச்சதுல 160 கிராம் தூள் வந்துச்சு. பத்து நாள்ல பாட்டிலுக்குள்ள கல்லு மாதிரி இறுகிடுச்சு. அதே சூட்டுல காயவச்ச பூண்டு பழுப்பாகி, தூள் கசக்குது. இது போக, பச்சைப் பூண்டை அரைச்சு மேல எண்ணெய் ஊத்தி அலமாரியில வச்சிருக்கேன். அஞ்சு நாளாச்சு, நீலப்பச்சை நிறம் வந்திருக்கு. வாசனை நல்லாத்தான் இருக்கு. நிறம் மாறினதால கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? ஈரத்தை இழுக்க வெங்காயத் தூள்ல கொஞ்சம் அரிசி போட்டு வச்சா சரியாகுமா?

தராசுமுள்:
முதலில் அந்த எண்ணெய்ப் பூண்டைத் தூக்கி எறியுங்க. அதைப் பற்றி வேற யாராவது விரிவா எழுதுவாங்க, நான் தூளுக்கு வர்றேன்.

160 கிராம்னு நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு. வெங்காயத்தில் ஏறத்தாழ 89 சதவீதம் தண்ணீர். உரிச்ச 1 கிலோவில் திடப்பொருள் 110 கிராம்தான். நல்லா காய்ந்த தூளில் 5 சதவீத ஈரம் மிச்சமிருந்தாலும் 115, 120 கிராமுக்கு மேல் வரக்கூடாது. உங்க பாட்டிலில் 40 கிராமுக்கு மேல் தண்ணீர் உட்கார்ந்திருக்கு. இறுகாமல் என்ன செய்யும்? பூசணம் பிடிக்காதது அதிர்ஷ்டம். புள்ளியோ புளிச்ச வாடையோ இருந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான்.

கையால் தொட்டுப் பார்த்து ‘காய்ஞ்சிடுச்சு’ன்னு முடிவு பண்ணுவதில்தான் பாதிப் பேர் ஏமாறுறாங்க. சூடா இருக்கும்போது ஈரத் துண்டும் வளையும், சர்க்கரை இளகியிருப்பதால் காய்ந்த துண்டும் வளையும். ஒரு துண்டை வெளியே எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு ஒடிச்சுப் பாருங்க. ‘டக்’னு ஒடியணும். வளைஞ்சாலோ தோல் மாதிரி இழுபட்டாலோ மறுபடி உள்ளே. அதைவிட நிச்சயமான வழி தராசு: தட்டை ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடை போட்டுப் பாருங்க, எடை குறையவில்லை என்றால்தான் காயவைப்பதை முடிக்கணும்.

முறை இதுதான். 3 மில்லிமீட்டர் கனத்தில், எல்லாம் ஒரே கனமா நறுக்கணும். ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பணும். 55 முதல் 60 டிகிரி, 8 முதல் 12 மணி நேரம். ஓவன் 70-க்குக் கீழே இறங்காவிட்டால் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி நீராவிக்கு வழி விடுங்க. மூடிய ஓவனில் காய்கறி காயாது, வேகும்.

காய்ந்ததும் உடனே அரைக்காதீங்க. துண்டுகளைக் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவுக்குக் குறைவா நிரப்பி, மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்க. அங்கங்கே மிச்சமிருக்கும் ஈரம் பரவிச் சமமாகும். ஜாடிச் சுவரில் வேர்த்தால் திரும்ப ஓவனுக்கு. அரைக்கும்போது பத்துப் பத்து நொடியா விட்டு விட்டு ஓட்டணும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி, தூள் பிளேடுக்கடியில் அப்பிக்கும். அரைத்த தூளைத் தட்டில் பரப்பி 60 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, முழுசா ஆறினபிறகு பாட்டிலில் அடைச்சால் கட்டி தட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

அரிசி வேண்டாம். சாதாரண அரிசியிலேயே 12 சதவீதத்துக்குக் குறையாமல் ஈரம் இருக்கும். 5 சதவீத ஈரமுள்ள தூளுக்குள் அதைப் போட்டால் யார் யாருக்கு ஈரம் கொடுப்பாங்கன்னு யோசிச்சுக்குங்க.

பூண்டுக்கு 80 டிகிரி ரொம்ப அதிகம். 55-ஐத் தாண்டாதீங்க, 2 மில்லிமீட்டர் சீவல் போதும். வெளிர் மஞ்சளைத் தாண்டினால் கசப்பு நிச்சயம், அதை எதைச் சேர்த்தும் மாத்த முடியாது. உரிச்ச பூண்டு 100 கிராமுக்கு 40 கிராம் தூள் கணக்கு.

உப்புக்கல்:
எண்ணெய்ப் பூண்டு பற்றி நான் எழுதுகிறேன். நிறத்துக்குப் பயப்படுகிறீர்கள், ஆனால் அந்த நிறத்தால் ஒரு தீங்கும் இல்லை. பூண்டை அரைக்கும்போது அதிலுள்ள நொதியும் கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து நீலப்பச்சை நிறமிகள் உருவாகும். குளிரில் நெடுநாள் இருந்த பூண்டிலும், எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்ட பூண்டிலும் இது கூடுதலாகத் தெரியும். நிறம் மாறியதற்காக மட்டும் பூண்டை எறிய வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் இருக்கும், பூண்டோடு வரும். காற்றில்லாத இடம், குறைந்த அமிலம், ஈரம், அறைச் சூடு இவை நான்கும் சேர்ந்தால் முளைத்து நஞ்சு உண்டாக்கும். பச்சைப் பூண்டின் மேல் எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைப்பது இந்த நான்கையும் நாமே ஏற்பாடு செய்து கொடுப்பதுதான். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் வித்துகள் சாகாது, அதற்கு அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும். 1985-இல் கனடாவின் வான்கூவரில் குளிர்சாதனத்தில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். விற்பனைக்கு வரும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1989-இல் உத்தரவிட்டதும் இத்தகைய சம்பவங்களால்தான்.

ஏற்கெனவே அதைச் சாப்பிட்டிருந்து, பார்வை மங்கல், இமை தொங்குதல், விழுங்கச் சிரமம் என்று எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் வைப்பதென்றால் குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரியில் நான்கு நாள், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஒரு டீஸ்பூன் அளவாக ஊற்றி ஃப்ரீசரில் உறைய விடுங்கள், மாதக்கணக்கில் இருக்கும். உரித்த முழுப் பற்களை வினிகரில் முழுதும் மூழ்க வைத்தால் குளிர்சாதனத்தில் நான்கு மாதம் வரை தாங்கும். மேலே ஒரு விரல் எண்ணெய் நின்றால் கெடாது என்பது தவறான நம்பிக்கை. எண்ணெய் காற்றைத்தான் தடுக்கிறது, இங்கே அதுவே பிரச்சினை.

மிக்ஸிஜார்:
தூளில் 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) கலந்தால் கட்டியாகாது. இவ்வளவு மெனக்கெடணுமா?

தராசுமுள்:
சரியா காய்ந்த தூளுக்குக் கலக்கலாம். தக்காளித் தூளுக்குத் தேவையும்கூட, அதில் சர்க்கரை அதிகம், மூடி திறந்ததும் காற்றிலிருந்து ஈரம் வாங்கும். காயாத தூளில் மாவைக் கலந்தால் உள்ளே இருக்கும் ஈரம் அப்படியே இருக்கும், நமக்கு மட்டும் தெரியாமல் போகும். அதோடு, கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டுகிற பழக்கத்தை விடணும். ஆவி நேரா பாட்டிலுக்குள் போகும். உலர்ந்த கரண்டியில் எடுத்துப் போடுங்க.

அடுப்படிப்புதுசு:
எண்ணெய்ப் பூண்டை எறிஞ்சாச்சு. காயவைக்காமலே வெங்காயம், கேரட் எல்லாம் சேர்த்து சூப்புக்கு ஒரு விழுது பண்ணி வைக்க முடியுமா?

உப்புக்கல்:
முடியும், உப்பு தாராளமாக வேண்டும். காய்கறி 4 பங்கு, உப்பு 1 பங்கு, எடைக் கணக்கில். உதாரணமாக கேரட் 250 கிராம், வெங்காயம் 200, செலரித் தண்டு 150, தக்காளி 100, வாசனை இலைகளும் தண்டும் 100, ஆக 800. அதற்கு உப்பு 200 கிராம். எல்லாம் பச்சையாகவே மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். இவ்வளவு உப்பு இருப்பதால் மைனஸ் 18 டிகிரியிலும் பாறையாக உறையாது, கரண்டியால் சுரண்டி எடுக்கலாம்.

உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். தூளுப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் என்றால், அதே கரண்டியில் கல்லுப்பு 4 கிராம்கூட வராமல் போகலாம்.

பயன்படுத்தும்போது 250 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் விழுது. அதிலேயே ஒரு கிராமுக்கு மேல் உப்பு போய்விடும். சூப் கொதித்து வற்றினபிறகு ருசி பார்த்து, அதற்கப்புறம் தனி உப்பைத் தொடுங்கள்.