'லீக் ஆஃப் எக்ஸ்ட்ராடினரி ஜென்டில்மென்': மூல நாவல்களை முடித்துவிட்டுத்தான் தொடங்கணுமா?

கேள்வி (புதுவாசகன்):
ஆலன் மூர் எழுத, கெவின் ஓ'நீல் வரைந்த இந்தக் காமிக்ஸின் முதல் தொகுதி கையில் இருக்கிறது. மீனா, குவாட்டர்மெயின், நீமோ, ஜெக்கில், கிரிஃபின் என ஆளுக்கொரு நாவலிலிருந்து வருகிறார்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் இதைத் தொடணுமா? கெய்ரோ காட்சியில் அரபி வசனம் அப்படியே அரபியில் இருக்கிறது. அச்சுக் கோளாறா?

மைக்கூடு:
கோளாறு இல்லை, வேண்டுமென்றே விட்டது. படத்தைப் பார்த்தே நடப்பதைப் பிடித்துவிடலாம். இரண்டாம் தொகுதி செவ்வாய் கிரகத்தில் தொடங்கும்போதும் இதே கதைதான்.

ஐந்தையும் முடிக்கத் தேவையில்லை. 'ஜெக்கில் அண்ட் ஹைட்' மட்டும் முதலில் படியுங்கள். பத்தே அத்தியாயம், ஒரு மாலை போதும். அதில் ஜெக்கிலின் கெட்ட மறுவடிவமான ஹைட், ஜெக்கிலைவிடக் குள்ளம். கெட்ட குணத்துக்கு அதுவரை தீனி கிடைக்காததால் உடம்பும் சிறுத்திருக்கிறது என்று ஜெக்கிலே கடைசி அத்தியாயத்தில் சொல்கிறார். அந்தக் கணக்கை மூர் நீட்டிப் பார்க்கிறார்: வருஷக்கணக்கில் தீனி கிடைத்தால்? காமிக்ஸில் வரும் ராட்சத ஹைட்தான் விடை. மூலம் தெரியாவிட்டால் அவர் வெறும் பெரிய குரங்காகத்தான் தெரிவார்.

'டிராகுலா' முழுக்க முடியாவிட்டால் 21-ஆம் அத்தியாயமாவது படியுங்கள். மீனா சிவப்புத் துணியைக் கழுத்திலிருந்து ஏன் அவிழ்ப்பதே இல்லை என்பது அப்போது உறைக்கும்.

பழையபுத்தகம்:
நீமோவுக்கு 'கடலுக்கடியில் 20,000 லீக்' போதாது. அங்கே அவர் எந்த நாட்டுக்காரர் என்பதே மறைவு. 'மர்மத் தீவு' மூன்றாம் பாகம், 16-ஆம் அத்தியாயம் பாருங்கள்: மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் ராஜாவின் மகன் டக்கார், திப்பு சுல்தானின் உறவினர், 1857-இல் ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டையிட்டவர். காமிக்ஸில் பிரிட்டனுக்காக வேலை செய்யும்போது அவர் முகத்தில் தெரியும் வெறுப்பு அங்கிருந்து வருவது. ஆனால் ஓ'நீல் அவரை சீக்கியர் தோற்றத்தில் வரைந்திருக்கிறார். புந்தேல்கண்டுக்கு அது பொருந்தவில்லை என்பது என் கருத்து. அவருடைய நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸ் விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. மூல நாவலை எழுதிய வெர்ன் சொன்னது 70 மீட்டர் நீளச் சுருட்டு வடிவம். இங்கே அது கணவாய் மீன் வடிவம்.

கட்டம்கட்டமாக:
போனில் படிக்காதீர்கள். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினால் பின்னணி வெட்டுப்படும். பாதி விஷயம் பின்னணியில்தான் இருக்கிறது. முதல் சுற்றில் கதையை மட்டும் ஓட்டுங்கள். இரண்டாம் சுற்றில் சுவரொட்டி, விளம்பரம், கூட்டத்து முகங்கள் எல்லாம் பாருங்கள். தொகுதிக் கடைசியில் இருக்கும் உரைநடைக் கதையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பாலியல் வன்முறை உண்டு, சின்னப் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. 'டாக்டர்' என்று மட்டும் குறிக்கப்படும் சீன வில்லன் ஃபூ மாஞ்சூ. அந்தக் காலத்து இனவெறிச் சித்திரிப்பு அப்படியே இருக்கிறது, தெரிந்து படியுங்கள்.

புதுவாசகன்:
நன்றி. வெல்ஸின் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவலில் கிரிஃபின் செத்துவிடுகிறானே, இங்கே எப்படி வந்தான்?

மைக்கூடு:
அதற்கு அவன் வாயாலேயே பதில் வரும். பள்ளிக்கூடக் காட்சியைத் தாண்டும்போது கவனியுங்கள், இங்கே எழுதினால் கெட்டுவிடும். 'ஹாலி' என்ற முதற்பெயர் மூர் வைத்தது; வெல்ஸிடம் வெறும் கிரிஃபின்தான்.