கோடியக்கரையில் பறவைகள் நம்மிடம் வரும்

கோடியக்கரைக்குப் போகிற பலரும் பூநாரைக்காகத்தான் போகிறார்கள். நானும் ஒரு ஜனவரியில் அதற்காகவே போனேன். பூநாரைகள் இருந்தன, ஆனால் வெகுதூரத்தில். தண்ணீர் விளிம்பில் வெளுத்த கோடு மாதிரி ஒரு கூட்டம். ஏதாவது ஒன்று இறக்கை விரித்தால் மட்டும் சிவப்பும் கறுப்பும் பளிச்சென்று தெரியும். கிட்டே போகலாமா என்று கேட்டேன். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், "வேணாம் சார். காலுக்கு முன்னாடியே பாருங்க, அதுவே நிறைய இருக்கு. பேசாம உட்காருங்க, அதுங்களே வரும்" என்றார்.

கரை மேட்டில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கொசு உள்ளான்கள் மேய்ந்துகொண்டே எங்கள் பக்கம் நகர்ந்து வந்தன. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், கறுப்புக் கால், கறுப்பு அலகு. அலகு குத்திய இடத்தில் சேற்றில் சின்னக் குழி விழும், அது தண்ணீர் நிறைந்து மூடுவதற்குள் அடுத்த குத்து. ஒன்றின் காலில் உலோக வளையம் மின்னியது. எண் படிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. பறவைகள் பறப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்று ஒருவர் பலமாகக் கைதட்டினார். கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. காவலர் கோபப்படவில்லை. "இதுங்க சைபீரியா வடகோடியிலிருந்து வருதுங்க. முப்பது கிராம்கூட இருக்காது. திரும்பிப் போறதுக்கு இங்கதான் தின்னு கொழுப்பு சேர்க்கணும். ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அது கரையுது" என்றார். வேனில் வந்தவர்களின் பையனிடம் என் பைனாகுலரைக் கொடுத்தேன். கூட்டம் திரும்ப இறங்கும்வரை வேனில் யாரும் ஏறவில்லை.

அந்த வளையத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுகிறது. பறவையியலாளர் சாலிம் அலியும் இங்கே வந்து வேலை செய்தவர். வளையம் போட்ட பறவை பல வருடம் கழித்து இதே சேற்றில் திரும்பச் சிக்கியிருக்கிறது. அவ்வளவு தூரம் போய்விட்டு அதே இடத்துக்கு வருகிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

1967-ல் இது சரணாலயமானது முக்கியமாக வெளிமானுக்காக. பறவைகளால் பேர் வாங்கி 2002-ல் ராம்சார் தலமும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமும் ஆனது. 2004 சுனாமியில் சோழர் கால கலங்கரை விளக்கத்தின் மிச்சம் போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் காட்டு மரங்களைச் சாய்த்தது, வெளிமான்களும் செத்தன. சீமைக்கருவேலம் புல்வெளியை விழுங்குவது தனிப் பிரச்சினை. இத்தனைக்கும் மேலே, வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்யாவிட்டால் சதுப்பில் உப்பு ஏறிவிடும், பூநாரைகளின் வரத்தும் மாறிவிடும்.

போகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், விடிந்ததும் போங்கள். வனத்துறையிடம் அனுமதி வாங்குங்கள். உள்ளூர்க் காவலர் ஒருவர் கூட இருந்தால் ரொம்ப நல்லது. எந்தப் பக்கம் தண்ணீர் வற்றியிருக்கிறது, எங்கே சேறு இளகலாக இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வெளிர் சட்டை வேண்டாம்.